ராம்ப்லா வீதியில் நடக்க விரும்புவோர்க்கு

ஸ்பெயின் தேசத்தின் வடகிழக்கே, மத்தியதரைக் கடலின் கரையில் அமைந்துள்ள பார்சிலோனா நகரத்திற்குச் செல்பவர் எவரும், அங்கே வேறு எதைப் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும், ராம்ப்லா என்னும் வீதியில் ஒருமுறையேனும் நடக்காமல் ஊர் திரும்புவதில்லை. ஆனால் அப்படி நடந்து வந்தவர்களில் பலர், கூட்டம், நெரிசல், அநியாய விலை, ஜேப்படித் திருடர் என்ற அளவோடு தங்கள் வருணனையை முடித்துக்கொள்வதை நான் கேட்டிருக்கிறேன். அவர்கள் சொல்வது பொய்யன்று. நண்பகலிலோ மாலையிலோ அந்த வீதியின் நடுவே ஜனத்திரள் இழுத்த இழுப்புக்குச் சென்று மீளுகிறவர் கண்ணில் வேறொன்றும் படுவதற்கில்லை. ஆயினும் எந்நேரத்தில் போவது, எங்கே நிற்பது, எவ்விடத்தில் விலகிக்கொள்வது என்பவற்றைச் சிறிது தெரிந்துகொண்டு போனால், மனிதர் நடப்பதற்கென்றே அமைந்த ஐரோப்பிய வீதிகளுள் இதைப்போல் மனத்தைக் கவர்வது அரிது என்பது என் அபிப்பிராயம். அந்த வீதியின்பால் எனக்கு உண்டாகியிருக்கும் பற்றினாலும், இனிப் போக இருக்கும் நம்மவர்களுக்குப் பயன்படலாம் என்ற எண்ணத்தினாலும், அனுபவத்தில் அறிந்தவற்றை இங்கே எழுதத் துணிந்தேன்.

மேலே கத்தலோனியா சதுக்கம் என்ற விசாலமான திறந்த வெளியில் தொடங்கி, கீழே பழைய துறைமுகத்தருகில் கொலம்பஸின் உருவத்தைத் தாங்கி நிற்கும் 60 மீட்டர் உயரமுள்ள தூணின் அடியில் முடியும் இவ்வீதியின் நீளம் சுமார் 1.2 கிலோமீட்டர்தான். நடுவில் அகலமான நடைபாதை. அதன் இரு மருங்கிலும், பட்டை திட்டுத் திட்டாக உரிந்து வெளுத்த பிளேன் மரங்களின் வரிசை. மரங்களுக்கு அப்பால் வாகனங்கள் செல்லும் குறுகலான பாதைகள். அவற்றிற்கும் அப்பால் கட்டடங்களை ஒட்டிய ஒடுங்கிய நடைமேடைகள். வீதி முழுவதும் கடலை நோக்கி மெல்லச் சரிந்து செல்வதால், வயோதிகர்களை உடன் அழைத்துச் செல்வோர் கத்தலோனியா சதுக்கத்தில் சுரங்க ரயிலை விட்டு இறங்கி, மேலிருந்து கீழாக நடந்து, கடற்கரையை அடுத்த திராசானஸ் நிலையத்தில் மீண்டும் ரயிலேறிவிடலாம். இடையில் கால் வலித்தால் லிசேயு என்ற நிலையமும் வீதியின் நடுவிலேயே இருக்கிறது. மூன்றும் மூன்றாம் எண் ரயில் பாதையில் அடுத்தடுத்து வருவன.

இன்று ஜனங்கள் ஓடும் இந்த இடத்தில் முற்காலத்தில் மழைக்காலந்தோறும் குன்றுகளிலிருந்து இறங்கிய காட்டாறு ஓடிற்று. கடலை நோக்கி நிற்பவருக்கு இடப்பக்கத்தில், 13-ஆம் நூற்றாண்டில் எழுப்பப்பட்ட நகர மதில் இருந்தது. மதிலுக்கு உள்ளே ஊர், வெளியே மணல் படிந்த ஆற்றுப்படுகை. பிற்காலத்தில் அந்த ஓரத்திலே கிறிஸ்தவத் துறவிகளின் மடங்களும், கல்விச்சாலை ஒன்றும் ஏற்பட்டன. 18-ஆம் நூற்றாண்டில் மதில் இடிக்கப்பட்டு, படுகை சமன்செய்யப்பட்டு, மரங்கள் வைத்த உலாவும் சாலையாயிற்று. 1835-ஆம் வருஷத்துக் கலகத்தில் மடங்கள் பல தீக்கு இரையாயின. வெறுமையான அந்த மனைகளில்தான் இன்று நாம் காணும் சந்தையும், இசைநாடக அரங்கும், அழகிய சதுக்கமும் எழுந்தன. ஆகவே ஒரே வீதிக்குப் பகுதி பகுதியாக வழங்கும் கனலேத்தஸ், எஸ்தூதிஸ், சான் ஜோசெப், கபுச்சின்ஸ், சாந்தா மோனிகா என்ற ஐந்து பெயர்களுள் பின்னவை மூன்றும், இருந்த மடங்களையும் மறைந்த மடங்களையும் இன்றளவும் ஞாபகப்படுத்திக்கொண்டிருக்கின்றன. இந்தச் சரித்திரத்தை ஓரளவு மனத்தில் வைத்துக்கொண்டு நடந்தால், ஒவ்வொரு திருப்பத்திலும் ஏன் ஒரு வெளி விரிகிறது, ஏன் ஒரு பெரிய கட்டடம் திடீரென்று எதிர்ப்படுகிறது என்பது தானாகவே விளங்கும்.

நேரத்தைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். ஏனென்றால் மற்ற யோசனைகள் எல்லாம் அதற்கு அடுத்தபடிதான். கோடையில் காலை ஏழு மணிக்கு, குளிர்காலத்தில் பொழுது தாமதமாக விடிவதால் எட்டரை மணிக்கு, கனலேத்தஸ் நீரூற்றின் அருகே போய் நில்லுங்கள். அந்நேரத்தில் நகராட்சிப் பணியாளர்கள் குழாய்களால் நீரைப் பீய்ச்சித் தரையைக் கழுவி முடித்திருப்பார்கள். அலையலையாகப் பதித்த சாம்பல் நிறக் கற்கள் ஈரத்தில் மினுங்கும். மீன் பெட்டிகளும் பனிக்கட்டிகளும் ஏற்றிய தள்ளுவண்டிகள் சந்தையை நோக்கி விரையும். பத்திரிகைக் கடைக்காரர் கதவை மடக்கி மடக்கித் திறப்பார். நாயை உலவ விட்டு வரும் முதியவர்கள் ஒருவரையொருவர் நின்று விசாரித்துக்கொள்வார்கள். அந்த ஒரு மணி நேரமே ராம்ப்லா தன் ஊராருக்குச் சொந்தமாக இருக்கும் நேரம். நாமும் அவர்களோடு நடக்கலாம். பத்து மணிக்கு மேல் யாத்திரிகர் கூட்டம் பெருகத் தொடங்கி, மாலையில் உச்சத்தை அடையும். நள்ளிரவுக்குப் பிறகு குடும்பத்தோடு அங்கே நடப்பதை, குறிப்பாகக் கீழ்ப்பகுதியில் நடப்பதை, நான் விரும்புவதில்லை.

நீரூற்று என்று சொன்னேன். அது உயரமான ஓர் இரும்புத் தூண். மேலே விளக்குகள், அடியில் குழாய்கள். அதன் நீரைப் பருகியவர் மீண்டும் பார்சிலோனாவுக்கு வருவார் என்பது அவ்வூர் ஐதிகம். நீரும் பருகத் தகுந்த நல்ல நீரே. அந்நகரத்துக் கால்பந்துக் குழு வெற்றி பெறும் நாட்களில் ஆயிரக்கணக்கான ஜனங்கள் இத்தூணைச் சூழ்ந்துகொண்டு கொண்டாடுவதற்கும் காரணம் உண்டு. 1930-களில் வீதியின் பெயரையே தாங்கிய ஒரு பத்திரிகையின் காரியாலயம் இதற்கு எதிரில் இருந்தது. வானொலி எல்லோர் வீட்டிலும் இல்லாத அக்காலத்தில், ஆட்டத்தின் முடிவை அவர்கள் கரும்பலகையில் எழுதி வைக்க, அதைப் படிக்கக் கூடிய ஜனம் அங்கேயே ஆரவாரித்தது. காரியாலயமும் பலகையும் மறைந்து பல காலம் ஆனபின்பும் ஜனங்கள் கூடும் இடம் மாறவில்லை.

பொக்கேரியா என்று உலகம் முழுவதும் அறியப்பட்ட சந்தையைப் பற்றிச் சிறிது விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். எரிந்துபோன சான் ஜோசெப் மடம் நின்ற இடத்தில், 1840-ஆம் வருஷம் அந்த ஞானியின் திருநாளாகிய மார்ச் 19-ஆம் தேதி இதற்கு அஸ்திவாரம் போட்டார்கள். இப்போதுள்ள இரும்புக் கூரை 1914-இல் அமைந்தது. ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. ஞாயிறன்று படகுகள் கடலுக்குப் போகாததால், திங்கட்கிழமை மீன் கடைகளில் பலவும் மூடியே கிடக்கும். மற்ற நாட்களில் ஒன்பது மணிக்கு முன்பாகச் செல்லுங்கள். வாயிலை ஒட்டிய கடைகளில், வெட்டிய பழங்களைப் பல வர்ணங்களில் கண்ணாடிக் கிண்ணங்களில் அடுக்கி வைத்திருப்பதைக் கண்டு அங்கேயே கையை நீட்டிவிட வேண்டாம். அதே பழரசம் உள்ளே போகப் போக விலை குறைந்துகொண்டே வருவதைக் காணலாம். சந்தையின் நடுவில் நீள்வட்டமாக மீன் கடைகள் அமைந்திருக்கின்றன. முத்துத் தோடும் வெள்ளை உடுப்புமாய்த் தலை வாரி அலங்கரித்துக்கொண்டு நிற்கும் பெண்கள், ஒரு முழ நீளமுள்ள மீனைப் பனிக்கட்டியிலிருந்து எடுத்து, அகன்ற கத்தியால் மூன்றே வெட்டில் சுத்தம் செய்து தாளில் மடிக்கும் லாகவத்தை, மாமிசம் உண்ணாத நானும் வியப்போடு நின்று பார்த்திருக்கிறேன்.

அங்கே விற்பனைப் பண்டங்களை வாங்குவோர் தொடுவதில்லை. காய்கறிகளை அமுக்கியும் முகர்ந்தும் பொறுக்கி வாங்கியே பழகிய என் அக்காவோடு ஒருமுறை அங்கே சென்றிருந்தபோது, அவள் தக்காளியின் மேல் கை வைக்கப் போனதும், கடைக்கார அம்மாள் சிரித்த முகத்தோடு கையசைத்து நிறுத்திவிட்டு, ஸ்பானிய பாஷையில் ஒரு கேள்வி கேட்டார். அப்பாஷை சிறிது அறிந்தவனாகையால் நான் அக்காவிடம், "இன்றைக்குச் சாப்பிடவா, நாளைக்கா என்று கேட்கிறார்கள், அக்கா" என்றேன். "இன்றைக்குத்தான் என்று சொல், தம்பி" என்றாள். அந்த அம்மாள் குவியலில் பார்வையை ஓட்டி நன்றாய்ப் பழுத்த நான்கைந்தைப் பொறுக்கியபின், அக்கா கொத்துக் கொத்தாகக் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டிருந்த சிறு தக்காளிகளைச் சுட்டிக்காட்ட, அவற்றில் ஒன்றைக் குறுக்காக வெட்டி, ஒரு ரொட்டித் துண்டின்மேல் அழுத்தித் தேய்த்து, ஆலிவ் எண்ணெயும் உப்பும் தூவி எங்கள் கையில் கொடுத்தார். தடித்த தோலுள்ள அந்தத் தக்காளி மாதக்கணக்கில் கெடாமலிருக்கும் ஜாதி. ரொட்டியில் தேய்ப்பதற்கென்றே, பார்சிலோனாவைச் சூழ்ந்த கத்தலோனியாப் பிரதேசத்துக் கத்தலான் ஜனங்கள் அதைப் பயிரிடுகிறார்கள். காசு கொடுக்கப் போனதற்கு வாங்க மறுத்துவிட்டார். விற்பவரிடம் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை விட்டுவிட்டால் அவர் தம் கௌரவத்தை முன்னிட்டு நல்லதையே தருவார் என்பது அச்சந்தையின் நடைமுறை. ஆனால் ஒன்றும் வாங்காமல், கூட்டமாக நின்று படம் பிடித்துக்கொண்டு, கூடையோடு வரும் ஊர்ப் பெண்களுக்கு வழிவிடாமல் நிற்பவர்களால் அந்தக் கடைக்காரர்கள் வருந்துகிறார்கள். பதினைந்து பேருக்கு மேற்பட்ட யாத்திரிகக் குழுக்கள் வெள்ளி, சனிக்கிழமைக் காலை வேளைகளில் உள்ளே வரக்கூடாது என்று 2015-இல் நகராட்சி விதி செய்ய நேர்ந்ததென்றால், நிலைமை எவ்வளவு முற்றியிருக்க வேண்டும்! படம் எடுக்க விரும்பினால் முதலில் அரைக் கிலோ பழமாவது வாங்குங்கள். பிறகு அநுமதி கேளுங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

சந்தையை விட்டு வெளியே வந்தால் தலையை நிமிர்த்தி நடக்கப் பழக வேண்டும். ராம்ப்லாவின் நடைபாதை மட்டத்தில் இன்று இருப்பவை பெரும்பாலும் நினைவுப் பொருள் கடைகளும் பனிக்கூழ்க் கடைகளுமே. அதன் அழகெல்லாம் முதல் மாடிக்கு மேலேதான் இருக்கிறது. சந்தைக்குச் சற்றுக் கீழே இடப்பக்கத்தில், முன்னாளில் குடைக் கடையாக இருந்த கட்டடம் ஒன்று உண்டு. 1883-இல் ஜோசெப் விலசேகா என்ற கட்டடக் கலைஞர் அதற்கு அளித்த அலங்காரத்தில், சுவரெல்லாம் விரித்த குடைகளும் விசிறிகளும் பதிந்திருக்க, மூலையில் பச்சை நிறச் சீன நாகம் ஒன்று விளக்கைத் தாங்கியபடி வளைந்து நிற்கிறது. வீதியின் மேற்பகுதியில் போலியோராமா அரங்கு இருக்கும் கட்டடத்தின் உச்சியில் இரட்டைக் கவிகைகளைக் காணலாம். உள்நாட்டுப் போரின்போது, 1937-ஆம் வருஷம் மே மாதத்தில், ஒரே பக்கத்தைச் சேர்ந்த கட்சிகள் தம்முள் தெருவிலே சுட்டுக்கொண்ட நாட்களில், ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் துப்பாக்கியோடு காவலிருந்தது அந்த மாடியின் மேல்தான். பின்னர் அவர் கத்தலோனியாவைப் பற்றி எழுதிய நூலில் அந்த அனுபவத்தை விவரித்திருக்கிறார். கீழே ஆயிரம் பேர் நடந்தாலும் அந்தக் கவிகைகளை அண்ணாந்து பார்ப்பவரை நான் கண்டது மிக அரிது.

குடைக் கட்டடத்தின் எதிரில், நடைபாதையின் நடுவிலேயே, வெண்மை, சிவப்பு, நீலம், மஞ்சள், கறுப்பு ஆகிய வர்ணக் கற்களால் வட்டமாக ஒரு சித்திரம் பதித்திருக்கிறது. 1976-இல் ஓவியர் ஜோன் மிரோ செய்து கொடுத்த இச்சித்திரத்தை, காலடியில் மிதிபட வேண்டும் என்ற கருத்தோடேயே அவர் தரையில் அமைத்தார். 1893-இல் அவர் பிறந்த வீடு அங்கிருந்து சில நிமிஷ நடைத் தூரத்தில், பெர்ரான் தெருவை ஒட்டிய ஒரு சந்தில் இருக்கிறது. கற்களில் ஒன்றில் அவர் கையெழுத்து இருப்பதால், பொறுமையுள்ளவர்கள் குனிந்து தேடிக் காணலாம். இதே இடத்தில்தான் 2017-ஆம் வருஷம் ஆகஸ்டு 17-ஆம் தேதி மாலை, கத்தலோனியா சதுக்கத்திலிருந்து நடைபாதையின் மேலேறி ஜனங்களை மோதிக்கொண்டே வந்த வண்டி நின்றது. பதின்மூன்று பேருக்கு மேல் மாண்டனர். அவர்களில் பல தேசத்தாரும் இருந்தனர். நம்மைப் போலச் சாவகாசமாக உலாவ வந்தவர்கள். மறுநாளே நகரத்து மக்கள் பெருந்திரளாகச் சதுக்கத்தில் கூடி, தங்களுக்கு அச்சமில்லை என்று கத்தலான் பாஷையில் முழங்கிவிட்டு, ராம்ப்லாவில் நடந்தார்கள். சித்திரத்தின் அருகே தரையில் மாண்டவர்களுக்கு ஒரு நினைவுப் பலகை பதித்திருக்கிறார்கள். அவ்விடத்தில் ஒரு நிமிஷம் நின்று போகும்படி, என் பேச்சைக் கேட்கும் எவரையும் வேண்டிக்கொள்கிறேன்.

சிறிது தூரம் கீழே வலப்பக்கத்தில் லிசேயு இசைநாடக அரங்கு. வெளித்தோற்றம் அடக்கமானது. 1847-இல் திறக்கப்பெற்ற இந்த அரங்கு 1861-இல் எரிந்தது. மறுவருஷமே திரும்பக் கட்டினார்கள். 1893-ஆம் வருஷம் நவம்பர் 7-ஆம் தேதி ராஸினியின் 'வில்லியம் டெல்' நடந்துகொண்டிருக்கையில் அராஜகவாதி ஒருவன் மேல்மாடியிலிருந்து வெடிகுண்டு எறிய, இருபது பேர் இறந்தனர். 1994 ஜனவரியில் மறுபடியும் தீ; நகரத்தார் பொருள் சேர்த்து 1999-இல் மீண்டும் திறந்தார்கள். உள்ளே சென்று பார்க்க விரும்புவோர் நிகழ்ச்சிக்குச் சீட்டு வாங்குவதே உத்தமம். உயரே உள்ள மாடிகளில் மிகக் குறைந்த விலைக்கும் இடங்கள் உண்டு. மேடை சரியாகத் தெரியுமா என்பதைச் சீட்டு வாங்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். சில ஆசனங்களிலிருந்து இசை கேட்குமேயன்றிக் காட்சி தெரியாது.

இனித் திருடரைப் பற்றி. இதை மறைப்பதில் பயனில்லை. தேரோட்டத்தன்று நம் மாடவீதிகளில் எப்படி ஒருவரையொருவர் உரசாமல் நகர முடியாதோ, அப்படித்தான் ராம்ப்லாவின் நடுப்பகுதி மாலைதோறும் இருக்கிறது. அந்த நெரிசலே ஜேப்படிக்காரர்களின் மூலதனம். கத்தியோ அடிதடியோ பொதுவாக இராது, கைத்திறமைதான். பாஸ்போர்ட்டை விடுதிப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிட்டு, நகலை மட்டும் எடுத்துச் செல்லுங்கள். பணத்தையும் அட்டைகளையும் ஒரே இடத்தில் வைக்க வேண்டாம். தோள்பையை மார்புப் பக்கம் மாற்றிக்கொள்ளுங்கள். ரயில் நிலையத்துப் படிகளிலும், பெட்டியின் கதவு மூடும் தறுவாயிலும் அதிகக் கவனம் வேண்டும். கைப்பேசியைக் காப்பிக்கடை மேசையின் மேல் வைக்கவே கூடாது. ஓர் இளைஞன் பெரிய வரைபடம் ஒன்றை அடுத்த மேசைக்காரர் முன் விரித்து ஏதோ வழி கேட்டதையும், அவர் விரல் வைத்துக் காட்டிக்கொண்டிருக்கையிலேயே அவன் படத்தை மடித்து நன்றி சொல்லிப் போனதையும், போனபின் அவருடைய கைப்பேசி அங்கே இல்லாததையும் நான் அருகில் இருந்து கண்டேன். கண்மூடித் திறக்கும் நேரந்தான். கையெழுத்து வாங்க வருபவர், கால்பந்து ஆடுவதுபோல் காலைப் பின்னி விளையாட வருபவர், சட்டையில் கறை பட்டிருக்கிறது என்று துடைக்க வருபவர் எல்லோரும் ஒரே ரகம். ஒரு சொல்லும் பேசாமல் நடந்துவிடுங்கள். தரையில் ஒரு பெட்டியைக் கவிழ்த்து, மூன்று மூடிகளுக்குள் பந்தை மாற்றி மாற்றி மறைத்துப் பந்தயம் கட்டச் சொல்லும் ஆட்டத்தில், ஜயித்துப் பணம் பெறுவதாகக் காணப்படுகிறவர்கள் எல்லோரும் அவர்களுடைய கூட்டாளிகளே. இவ்வளவு ஜாக்கிரதைக்குப் பின்னும் ஏதேனும் பறிபோனால், வீதியிலிருந்து வலப்பக்கம் பிரியும் நௌ த லா ராம்ப்லா தெருவில் கத்தலோனியப் போலீஸ் நிலையம் இருக்கிறது. அங்கே புகார் எழுதி வாங்கினால்தான் இன்ஷூரன்ஸ் தொகை கோர முடியும். அவசரத்துக்கு எண் 112.

உணவு விஷயத்தில் என் யோசனை சுருக்கமானது: நடைபாதையின் நடுவில் குடை விரித்து மேசை போட்டிருக்கும் இடங்களில் சாப்பிட உட்கார வேண்டாம். பெரிய குவளைகளில் வரும் பானங்களின் விலையைக் கேட்காமல் ஒப்புக்கொண்டு, பிற்பாடு மனம் நோவோர் அங்கே தினமும் உண்டு. அவ்வூரார் பகல் உணவை இரண்டு மணிக்கும் இரவு உணவை ஒன்பது மணிக்கும் உண்பவர்கள். அந்நேரத்தில் பக்கத் தெருக்களில், வாரநாட்களில், முதல் உணவு, இரண்டாம் உணவு, ரொட்டி, பானம், இனிப்பு எல்லாம் சேர்த்து ஒரே விலைக்குத் தரும் அன்றாடச் சாப்பாடு கிடைக்கும். சைவர்களுக்குத் தக்காளி தேய்த்த ரொட்டியும், சுட்ட கத்திரிக்காயும் குடமிளகாயும் சேர்ந்த எஸ்கலிவாதாவும், உலர்ந்த திராட்சையும் பைன் பருப்பும் போட்டு வதக்கிய கீரையும் நன்றாகப் பொருந்தும். ஆனால் காய்கறி என்று எழுதியிருக்கும் பண்டத்திலும் பன்றித்தொடையின் உலர்ந்த துணுக்குகள் தூவியிருக்கலாம். ஆதலால் மாமிசம் வேண்டாம், மீன் வேண்டாம் என்பதோடு, 'ஜமோன்' வேண்டாம் என்று தனியாகவும் சொல்லிவிடுவது அவசியம். கோடையில் 'ஒர்சாத்தா' என்ற குளிர்ந்த வெண்ணிறப் பானத்தைக் கேட்டு வாங்குங்கள். நம் கோரைக்கிழங்கின் இனத்தைச் சேர்ந்த ஒரு சிறு கிழங்கை ஊறவைத்து அரைத்துப் பிழிந்த பால் அது. அக்காவுக்கு அது மிகவும் பிடித்துவிட்டது.

கூட்டம் தாங்க முடியாமற் போகும் தருணத்தில் எங்கே விலகுவது என்பதைத் தெரிந்துவைத்திருப்பது, நடப்பதைப் போலவே முக்கியமானது. இரு பக்கங்களிலும் ஐம்பதடி உள்ளே போனால் வேறோர் உலகம். இடப்பக்கம் போர்த்தபெர்ரிசா தெருவின் முனையில், பழைய மதில் வாயிலைத் தீட்டிய ஓட்டுச் சித்திரத்தின் கீழ் ஒரு குழாய் இருக்கிறது. அத்தெருவில் நுழைந்து, பெத்ரிச்சோல் என்ற மிகக் குறுகிய தெருவுக்குத் திரும்பினால், கெட்டியான சுடு சாக்லேட் தரும் பழைய கடைகளில் உட்கார்ந்து இளைப்பாறலாம். தெருவின் மறுமுனையில் பி மாதா கோயிலின் பெரிய வட்டச் சாளரம் எதிரே நிற்கும். கீழ்ப்பகுதியில், இடப்பக்கமே, கபுச்சின் மடம் இருந்த மனையில் பிளாசா ரெயால் சதுக்கம். அதன் ஆறு கிளை விளக்குக் கம்பங்கள் கட்டடக் கலைஞர் அந்தோனி கௌடி இளமையில் வரைந்தவை. அவர் செல்வர் குவெல்லுக்காகக் கட்டிய மாளிகை வலப்பக்கத் தெருவில் சில அடி தூரத்தில் இருக்கிறது.

எனக்கு மிகவும் உவந்த இடம் இவற்றுள் எதுவுமன்று. வலப்பக்கம் பிரியும் ஆஸ்பத்திரித் தெருவில், 1401-இல் தொடங்கப்பெற்ற பழைய சாந்தா குரேயு மருத்துவமனையின் முற்றம். ஆரஞ்சு மரங்களின் கீழ் கல் ஆசனங்கள், சுற்றிலும் வளைவுகள், மாடியில் இப்போது கத்தலோனிய நூலகம். 1926-ஆம் வருஷம் ஜூன் மாதம் டிராம் வண்டி மோதி, இன்னாரென்று அறியப்படாமல் ஏழைகளின் படுக்கையில் கொண்டுவந்து கிடத்தப்பட்ட கௌடி, மூன்று நாட்களுக்குப்பின் உயிர் நீத்தது இங்கேதான். மாணவர்கள் படித்துக்கொண்டும், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் விளையாடிக்கொண்டும் இருக்கும் அம்முற்றத்தில் கட்டணம் இல்லை. ராம்ப்லாவிலிருந்து ஐந்து நிமிஷ நடை.

வீதியின் கடைசிப் பகுதியைப் பற்றிச் சொல்வதற்கு அதிகமில்லை. உடல் முழுதும் வர்ணம் பூசிச் சிலைபோல் அசையாது நிற்கும் கலைஞர்கள் இப்போது அங்கேதான் இடம் பெற்றிருக்கிறார்கள். படம் எடுப்பவர் நாணயம் போடுவது கடமை. 2022-இல் கடற்பக்கத்திலிருந்து தொடங்கிய சீரமைப்பு வேலைகளால் சில இடங்களில் தடுப்புகள் இருக்கக்கூடும். நடைபாதையை அகலப்படுத்தி வாகனத்திற்கு விட்ட இடத்தைக் குறைப்பதே அவ்வேலையின் நோக்கமாதலால் அந்த அசௌகரியத்தைப் பொறுத்துக்கொள்ளலாம்.

அவ்வூரார் நம்மைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பதையும் மனந்திறந்து சொல்ல வேண்டும். சுமார் பதினாறு லட்சம் பேர் வாழும் அந்நகரத்தில், வாடகை ஏறி, அண்டைக் கடைகள் மூடப்பட்டு, பல தலைமுறையாகப் பழைய ஊரில் குடியிருந்தவர்கள் வெளியேறும் நிலை உண்டாகியிருக்கிறது. 2024 ஜூலையில் ஆயிரக்கணக்கானோர் ஊர்வலம் வந்து, காப்பிக்கடைகளில் அமர்ந்திருந்த பிரயாணிகள்மேல் விளையாட்டுத் துப்பாக்கிகளால் நீர் பீய்ச்சிய செய்தியைப் பலர் படித்திருப்பீர்கள். குடியிருப்பு வீடுகளைப் பிரயாணிகளுக்கு வாடகைக்கு விடும் அநுமதிகள் அனைத்தையும் 2028-க்குள் முடித்துவிடுவதாக நகராட்சி அவ்வருஷமே அறிவித்தது. ராம்ப்லாவின் பறவைக் கடைகள் மறைந்தன, பூக்கடைகள் குறைந்தன, உள்ளூர்க்காரர் பலர் அவ்வீதியைக் குறுக்கே கடப்பதன்றி அதில் நடப்பதையே விட்டுவிட்டனர். இது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் விஷயம். ஆகையால் குடியிருப்பு வீட்டில் தங்குவதைவிட முறையான விடுதியில் தங்குவது, இரவில் தெருவில் உரக்கப் பேசாதிருப்பது, நினைவுப் பொருளுக்குச் செலவழிப்பதைச் சந்தையிலும் பூக்கடையிலும் செலவழிப்பது, கடைக்குள் நுழையும்போது 'பொன் தியா' என்று கத்தலானில் காலை வணக்கம் சொல்வது ஆகியவற்றை விருந்தினராகப் போகும் நாம் செய்ய வேண்டியதாகக் கருதுகிறேன். அந்த வணக்கத்திற்கு அவர்கள் முகத்தில் உண்டாகும் மாறுதலைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

தேதியைத் தேர்ந்துகொள்ளும் சௌகரியம் உள்ளவர்கள் ஏப்ரல் 23-ஆம் தேதி அங்கே இருக்கும்படி பிரயாணத்தை அமைத்துக்கொள்ளுங்கள். கத்தலோனியாவின் காவல் ஞானியாகிய சான் ஜோர்டியின் திருநாள் அது. ஆடவர் பெண்டிர்க்கு ரோஜாவும், பெண்டிர் ஆடவர்க்குப் புத்தகமும் அளித்து வந்த பழைய வழக்கம், இன்று எல்லோரும் எல்லோர்க்கும் இரண்டையும் அளிப்பதாக வளர்ந்திருக்கிறது. யுனெஸ்கோ 1995-இல் உலகப் புத்தக தினத்திற்கு இத்தேதியையே ஏற்றது. அன்று ராம்ப்லாவிலும், அதற்கு மேலே தொடரும் பெரிய சாலையிலும் புத்தக மேசைகள் வரிசையாக நிற்க, ஊரை விட்டு ஒதுங்கியவர்கள் எல்லாம் குழந்தை குட்டிகளோடு வீதிக்குத் திரும்பி வருகிறார்கள். கூட்டம் மற்ற நாட்களைவிட அதிகந்தான். ஆனால் அது ஊராரின் கூட்டம். விடுதி அறையைச் சில மாதங்களுக்கு முன்பே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். எழுத்தாளர்கள் உட்கார்ந்து கையெழுத்திட்டுக் கொடுக்கும் மேசைகளின் முன் பத்து மணிக்கு மேல் வரிசை நீண்டுவிடும். ரோஜாவும் மாலைக்குள் வாடிவிடும். எனவே காலையிலேயே புறப்படுங்கள். கத்தலான் வாசிக்கத் தெரியாதவர்கள் குழந்தைகளுக்கான படப் புத்தகம் வாங்கலாம். அந்நாட்டுச் சித்திரக்காரர்கள் அதில் கை தேர்ந்தவர்கள்.